உப்புக்காற்று வீட்டில் இசைத்தட்டு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்கள் நிலவு நாளில் கல்லடிப் பாலத்துக்கு அருகே தோணியை நிறுத்துவார்கள். துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு, மறுநுனியைக் காதோடு சேர்த்து வைப்பார்கள். நீரின் அதிர்வு மரத்தின் வழியே ஏறிக் காதுக்கு வரும். இசைத்தட்டு கேட்பதும் இதே வேலைதான். தட்டின் பள்ளத்துக்குள் இறங்கும் ஊசி, துடுப்பின் நீருக்குள் இருக்கும் நுனி. ஸ்பீக்கரும் அது நிற்கும் அறையும் காதோடு இருக்கும் நுனி. இந்த இரண்டு நுனிகளையும் ஒழுங்காக வைத்தால், நடுவில் ஒலியைப் பெருக்கும் அம்ப் சாதாரணமானதாக இருந்தாலும் பாட்டு நிறைவாக வரும். பலர் பணத்தை நடுவிலேயே கொட்டிவிட்டு இரண்டு நுனிகளையும் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆகவே இந்தக் குறிப்பில் ஊசியையும் அறையையும் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. என்னென்ன வேண்டும்

தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள், ஊசியிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை அம்ப்புக்கு ஏற்றபடி பெருக்கித் தரும் ஃபோனோ பிரீஆம்ப், அம்ப், ஒரு சோடி ஸ்பீக்கர். அம்ப் பழையதாக இருந்தால் அதன் பின்புறத்தில் பெரும்பாலும் ‘ஃபோனோ’ என்ற துளை இருக்கும். இருந்தால் தனி பிரீஆம்ப் தேவையில்லை. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு 20 அல்லது 30 வாட் அம்ப் தாராளமாகப் போதும். டர்ன்டேபிள் வாங்கும்போது, ஊசியைத் தாங்கும் கையின் பின்புறத்தில் திருகக்கூடிய எடை இருக்கிறதா, ஊசியைத் தனியாகக் கழற்றி மாற்றலாமா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத, பெட்டிக்குள்ளேயே சின்ன ஸ்பீக்கர் வைத்த மலிவு வகையை வாங்க வேண்டாம். எதையும் சரிசெய்ய வழியில்லாத கருவியில் பழகுபவருக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

2. பிளக்கைச் சொருகுவதற்கு முன்

நம் ஊரில் கிடைக்கும் நல்ல பழைய அம்ப்களும் டர்ன்டேபிள்களும் பல ஜப்பானில் பாவித்தவை. அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் 230 வோல்ட். என் முதல் அம்ப்பை வாங்கிய கடையில், “அப்படியே போடலாம், தம்பி” என்றார்கள். நான் நம்பிப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் புகை வந்தது. பின்புறத் தகட்டில் அச்சிட்டிருந்த எண்ணை வாசித்திருந்தால் அந்த அம்ப் இன்றும் பாடிக்கொண்டிருக்கும். 100 வோல்ட் என்று இருந்தால், கருவி இழுக்கும் வாட் அளவைவிடக் கூடிய திறனுள்ள, 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றைக் கட்டாயம் இடையில் வையுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ஜப்பானின் மேற்குப் பகுதியில் 60 ஹேர்ட்ஸ் மின்சாரம், கிழக்கில் நம்மைப் போல 50. மின்சாரத்தின் ஹேர்ட்ஸை நம்பி ஓடும் மோட்டார் உள்ள பழைய டர்ன்டேபிள் 60-க்கென்று செய்யப்பட்டிருந்தால், இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். பெண் குரல் ஆண் குரலாக இறங்கிவிடும். ட்ரான்ஸ்ஃபோமர் இதைத் திருத்தாது. மோட்டாரின் கப்பியை மாற்ற வேண்டும்.

3. வைக்கும் இடம்

சீமெந்துத் தரை நமக்குக் கிடைத்த வரம். நடந்தால் ஊசி துள்ளாது. கனமான மேசையொன்றில் டர்ன்டேபிளை வைத்து, தட்டுச் சுழலும் பரப்பின் மீது மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் வைத்துச் சமன் பாருங்கள். அதே மேசையில் ஸ்பீக்கரை வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குத் திரும்பி வந்து ஊளையிடும்.

4. ஊசியை அமைத்தல்

இந்தப் படிக்கு ஒரு மாலைப்பொழுதை முழுவதுமாக ஒதுக்குங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கட்டும், மின்விசிறி நிற்கட்டும்.

முதலில் எடை. ஊசியின் மூடியைக் கழற்றுங்கள். கை தட்டின் நடுவை நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி ஸ்கேட் திருகியைப் பூச்சியத்தில் வையுங்கள். பின்புற எடையை மெதுவாகத் திருகிக்கொண்டே போனால், ஓரிடத்தில் கை கீழேயும் விழாமல் மேலேயும் எழாமல் காற்றில் மிதக்கும். எடையின் முகப்பில் எண்கள் எழுதிய வளையம் ஒன்று இருக்கும். எடை அசையாமல் பிடித்துக்கொண்டு, வளையத்தை மட்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது எடையையும் வளையத்தையும் ஒன்றாகத் திருகி, கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும், கையின் நுனியில் உள்ள சின்னப் பெட்டி) செய்தவர்கள் சொன்ன கிராம் அளவில் நிறுத்துங்கள். தொடக்கக்காரர்கள் அதிகம் வாங்கும் ஓடியோ டெக்னிக்கா விஎம்95இ-க்கு 2 கிராம், ஓர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். ஆன்டி ஸ்கேட்டையும் அதே எண்ணில் வையுங்கள். குறைந்த எடை தட்டைக் காப்பாற்றும் என்று நினைத்து ஒரு கிராமில் ஓடவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. எடை போதாத ஊசி பள்ளத்தின் சுவர்களில் மாறி மாறி மோதும். தட்டைக் கெடுப்பது அந்த மோதல்தான்.

அடுத்தது கோணம். தட்டின் வெளிவிளிம்பில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 50 சென்றிமீற்றர் நீளப் பள்ளம் ஊசியின் கீழ் ஓடுகிறது. உள்ளே, கடைசிப் பாட்டில், அது 21 சென்றிமீற்றர்வரை குறைந்துவிடுகிறது. அதே ஒலியைப் பாதியைவிடக் குறைந்த நீளத்துக்குள் நெருக்கி எழுதியிருப்பதால், கார்ட்ரிட்ஜ் சற்றுத் திரும்பியிருந்தாலும் பாடகர் ‘ச’ என்று தொடங்கும் ஒவ்வொரு சொல்லும் ‘ஸ்ஸ்’ என்று கிழியும். கடைசிப் பாட்டில் மட்டும் இப்படிக் கிழிந்தால், பெரும்பாலும் தட்டு பழுதில்லை. இணையத்தில் கிடைக்கும் கோணமானித் தாளை அளவு சுருங்காமல் அச்சிட்டு நடுத்தண்டில் மாட்டுங்கள். பரவலாகப் பாவிக்கும் தாளில் நடுவிலிருந்து 66, 121 மில்லிமீற்றர் தூரத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும். இரண்டிலும் ஊசியை இறக்கும்போது கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் தாளின் கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். ஒரு புள்ளியில் சரியாகி மற்றதில் பிசகும்; திருகாணியை இளக்கி, முன்னோ பின்னோ மயிரிழை நகர்த்தி, மறுபடியும் பாருங்கள். எனக்கு முதல் முறை இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அன்றிரவு அதே தட்டின் கடைசிப் பாட்டைக் கேட்டபோது, பாடகியின் மூச்சு இழுக்கும் ஒலி தனியாக வந்து நின்றது.

வேகத்தையும் பார்த்துவிடுங்கள். 180 கோடுகள் வரைந்த ஸ்ட்ரோப் வட்டம் ஒன்றைத் தட்டின் மேல் வைத்து, பழைய குண்டு பல்ப் வெளிச்சத்தில் சுழற்றினால், நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். நகர்ந்தால் வேகம் பிசகியிருக்கிறது. எல்இடி பல்ப்கள் சிலவற்றில் இது தெரியாது.

5. இணைப்பு

ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மின்சாரம்தான். தட்டை வெட்டும்போது தாழ் ஒலியைக் குறைத்து, மேல் ஒலியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். ஃபோனோ அதை நேர்மாறாகத் திருப்பிச் சமன்செய்கிறது. ஃபோனோ இல்லாமல் இணைத்தால் பாட்டு தகரப் பேணிக்குள் இருந்து வருவதுபோல் மெலிந்து வரும். இரண்டு ஃபோனோ சேர்ந்துவிட்டால் கதறும். டர்ன்டேபிளில் இருந்து வரும் மெல்லிய தனி வயரை அம்ப்பின் எர்த் திருகாணியில் கட்ட மறக்காதீர்கள். “ம்ம்ம்” என்று உறுமினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஸ்பீக்கர் வயரில் சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு.

6. ஸ்பீக்கரும் அறையும்

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே ஆறு அல்லது ஏழு அடி. நீங்கள் இருக்கும் கதிரையும் ஒவ்வொன்றிலிருந்தும் அதே தூரத்தில் இருக்கட்டும். மேல் ஒலி தரும் சிறிய கூம்பு உங்கள் காது மட்டத்தில் வர வேண்டும். சுவரிலிருந்து ஓரடியாவது முன்னுக்கு இழுங்கள். மூலைக்குள் தள்ளினால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்க அடி ஒவ்வொன்றும் ‘தும்’ என்று ஊதிப் பெருத்து, அடுத்த அடியை விழுங்கிவிடும். இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் பரவி, தாழ் ஒலியும் மெலிந்திருந்தால், ஒரு பக்கத்து வயரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கின்றன. அம்ப்பை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

நம் வீடுகளில் சிக்கல் எதிரொலிதான். வெறும் தரை, பூச்சுச் சுவர், தட்டினால் ஒலிக்கும் தகரக் கூரை. கையைத் தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று வால் நீளும். இதற்கு வெளிநாட்டுப் பஞ்சுப் பலகை தேவையில்லை. மருதமுனைக் கைத்தறிப் போர்வையை மடிப்புகள் விழும்படி ஸ்பீக்கருக்கு எதிரே உள்ள சுவரில் தொங்கவிட்டேன். ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் இடையே மூன்று பன்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே ஒரு தடித்த விரிப்பைப் போட்டேன். பெரிய மாமா வந்து ஒரு பாட்டு முழுவதும் பேசாமல் இருந்தார். பிறகு, “மருமகன், அம்ப்பை மாற்றினாயா?” என்று கேட்டார். அம்ப் பழையதுதான்.

7. தட்டும் உப்புக்காற்றும்

மாமாவின் பெட்டியில் இரண்டு வகைத் தட்டுகள் இருந்தன. கனமான, விழுந்தால் உடையும் 78 சுழற்சித் தட்டுகள் பெரும்பாலும் அரக்கினால் ஆனவை. அவற்றை ஸ்பிரிட், அல்கஹோல் எதனாலும் துடைக்காதீர்கள், கரைந்துவிடும். அவற்றின் பள்ளமும் அகலம். ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனான தனி ஊசி வேண்டும். வினைல் தட்டுக்கான சாதாரண எல்பி ஊசியை அதில் விட்டால் பள்ளத்தின் அடியில் உரசித் திரியும்.

வினைல் தட்டைக் கழுவக் கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உதவாது. காய்ந்ததும் பள்ளத்துக்குள் உப்பு நிற்கும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரைப் பாவியுங்கள். போத்தலை வாசித்து, அது அமிலம் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மென்மையான துணியால் பள்ளம் போகும் திசையில் வட்டமாகத் துடையுங்கள். தட்டுகளை ஒருபோதும் அடுக்கிப் படுக்கவைக்காதீர்கள், நிமிர்த்தியே வையுங்கள். மேற்கு வெயில் படும் சுவரோரமும் ஆகாது.

உப்புக்காற்று பிளக்குகளில் மெல்லிய படலம் கட்டும். ஒரு பக்கம் திடீரென்று நின்றுபோனால் கார்ட்ரிட்ஜைச் சந்தேகிப்பதற்கு முன், அம்ப்பை நிறுத்தி, வயர்களின் நுனியை உருவி, திருகித் திருகி மறுபடியும் சொருகுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் இதைச் செய்கிறேன். ஐப்பசியில் மாரி தொடங்கியதும் தட்டு உறைகளைப் பிரித்துப் பாருங்கள். தாள் உறை நமுத்துப் பூஞ்சணம் பிடித்தால் அது தட்டுக்கும் ஏறும். அந்த உறையை எறிந்துவிட்டுப் புதியதில் போடுங்கள். மாலையில் வானம் இருண்டு இடி கேட்டால், பாட்டு பாதியில் இருந்தாலும் ஊசியைத் தூக்கி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மழை விட்ட பிறகு அதே பாட்டைத் தொடக்கத்திலிருந்து கேட்கலாம்.