டேப்லெட்டா, ஃபோனா? கடைக்குப் போகும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கேட்வே ஆகட்டும், சாட்ஸ்வர்த் சென்டர் ஆகட்டும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்த ஃபோன் கடையில் நுழைந்தாலும் விற்பனையாளர் முதலில் கேட்பது "பட்ஜெட் எவ்வளவு?" என்றுதான். நாமும் தொகையைச் சொல்லிவிடுகிறோம். அப்புறம் பேச்சு முழுக்கத் திரை, கேமரா, நிறம் என்று போகிறது. இதை யார் பயன்படுத்தப் போகிறார்கள், வீட்டிலா வெளியிலா, இணையம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. டேப்லெட்டா ஃபோனா என்பதைத் தீர்மானிப்பது அந்த மூன்றும்தான்.

அடிக்கடி நடப்பது இது. ஆயாவின் (பாட்டியின்) ஃபோன் உடைந்துபோகிறது. கண் சரியாகத் தெரியவில்லை, பெரிய திரையாக இருந்தால் நல்லது என்று பிள்ளைகள் கூடிப் பேசி, ஃபோனுக்குப் பதிலாக டேப்லெட் வாங்கிக் கொடுக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் இந்த ஊரில் ஃபோன் எண் என்பது பேசுவதற்கு மட்டும் இல்லை. வங்கியில் பணம் அனுப்பினால் ஒப்புதல் கேட்டு வருவது பதிவு செய்த எண்ணுக்கு, அல்லது பதிவு செய்த கருவியில் உள்ள செயலிக்கு. நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அழுத்தி மீதித் தொகை பார்ப்பதும் ஏர்டைம் (ஃபோனுக்குப் போடும் முன்பணம்) வாங்குவதும் பல டேப்லெட்களில் நடக்காது. ஐபேடில் சிம் போட்டாலும் அது டேட்டாவுக்கு மட்டும்தான். சாதாரண ஃபோன் அழைப்பு அதில் கிடையாது. ப்ரீபெய்ட் மின்சாரம் வாங்கினால் வரும் 20 இலக்க டோக்கனை மீட்டரில் தட்ட வேண்டும். மீட்டர் கதவுக்கு மேலே இருக்கும் வீட்டில், ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு ஒரு கையில் 11 அங்குல டேப்லெட்டைப் பிடித்து மறு கையால் 20 எண்களைத் தட்டிப் பாருங்கள், தெரியும்.

வாட்ஸ்அப்பும் அப்படியே. ஐபேடுக்கான வாட்ஸ்அப் செயலியே 2025 மே மாதம்தான் வந்தது. டேப்லெட்டில் அதை வழக்கமாக ஃபோனில் இருக்கும் கணக்கோடு இணைத்துத்தான் பயன்படுத்துகிறோம். முதன்மை ஃபோனை 14 நாளுக்கு மேல் திறக்காவிட்டால் இணைத்த கருவிகள் தானாக வெளியேறிவிடும். அதனால் 'ஃபோனுக்குப் பதில் டேப்லெட்' என்ற யோசனையை விட்டுவிடுங்கள். பெரிய திரை வேண்டும் என்றால், சாதாரண விலையில் ஒரு சின்ன ஃபோன், கூடவே வீட்டில் வைக்க வைஃபை மட்டும் உள்ள ஒரு டேப்லெட். விலை உயர்ந்த ஒரே ஃபோனைவிட இந்த இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் மலிவாகவே முடியும். இறக்குமதி விலை 2,500 ராண்டைத் தாண்டாத ஸ்மார்ட்ஃபோன்களுக்கு 9 சதவீத ஆடம்பர வரியும் 2025 ஏப்ரல் 1 முதல் இல்லை.

சரி, டேப்லெட் என்றே முடிவு செய்துவிட்டீர்கள். அடுத்த தவறு, சிம் போடும் வகைதான் உயர்ந்தது என்று நினைத்து அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது. வீட்டில் ஃபைபர் இருந்தால் அது வீண் செலவு. ஸ்டேஜ் 6 என்ற கடுமையான நிலை வரை போன 2023 லோட்ஷெடிங், அதாவது முறை வைத்துச் செய்த மின்வெட்டு, நினைவிருக்கிறதா? மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் செல்ஃபோன் கோபுரத்தின் பேட்டரிகளுக்கு முழுதாகச் சார்ஜ் ஏற நேரம் இருக்காது, கொஞ்ச நேரத்தில் சிக்னல் விழுந்துவிடும். ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் (மின்சாரம் போனால் ஓட்டும் பேட்டரிப் பெட்டி) வைத்திருந்தவர்கள் வீட்டில் அதே நேரத்தில் இணையம் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இருட்டில் சிம் சிக்னலை நம்பிய கருவியைவிட வைஃபை டேப்லெட்டே உதவியது. லோட்ஷெடிங் இப்போது அடங்கியிருந்தாலும் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதும் போய்விடவில்லையே. கூடுதல் காசு இருந்தால் யுபிஎஸ்ஸில் போடுங்கள் என்பேன்.

வெளியே போகும்போது வேண்டும் என்றால் ஃபோனின் ஹாட்ஸ்பாட் போதும். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. என்3 சாலையில் ஜோஹன்னஸ்பர்க் போகும்போது அதை வழிகாட்டியாக நம்ப வேண்டாம், அந்த வேலையை ஃபோனுக்கே விடுங்கள்.

'ஃபோன் காண்ட்ராக்ட் எடுத்தால் டேப்லெட் இலவசம்' என்ற விளம்பரத்தை எல்லோரும் பார்த்திருப்போம். மாதம் 399 ராண்ட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், 36 மாதம் என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 14,364 ராண்ட். அதே ஃபோனை ரொக்கத்துக்கு வாங்கினால் என்ன விலை, மாதா மாதம் நீங்கள் உண்மையில் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறீர்கள் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சில திட்டங்களில் கணக்கு சரியாகவே வரும், பலவற்றில் இலவச டேப்லெட்டின் விலையை நாமே கட்டி முடித்திருப்போம். அப்படி வரும் டேப்லெட்கள் பலவற்றில் 32 ஜிபி சேமிப்பிடம்தான் இருக்கும். ஆண்ட்ராய்டும் கூடவே வரும் செயலிகளும் அதில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டபின், குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் படங்களே மீதியை நிரப்பிவிடும். பழைய ஆண்ட்ராய்டு பதிப்பு என்றால் வங்கிச் செயலிகள் ஒருநாள் நின்றுவிடும். பெட்டியைத் திறக்கும் முன் பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும் என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் வேறு மாடல் பாருங்கள்.

அங்குலக் கணக்கிலும் ஏமாறுகிறோம். ஃபோன் 6.7 அங்குலம், டேப்லெட் 11 அங்குலம். இரண்டு மடங்குகூட இல்லையே என்று தோன்றும். அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. பரப்பளவாகப் பார்த்தால் 11 அங்குல டேப்லெட், நீளமான அந்த ஃபோனைப்போல மூன்று மடங்குக்கும் மேல். 8.7 அங்குல டேப்லெட் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கையில் பிடித்துப் படிக்கச் சின்னது வசதி, மேசையில் வைத்துப் பார்க்கப் பெரியது.

இந்த வித்தியாசம் நம் வீடுகளில் நன்றாகத் தெரிவது பூஜையின்போதுதான். புரட்டாசி சனிக்கிழமையிலோ காவடி விரத நாட்களிலோ பாடும் பாட்டுகள் இப்போது பிடிஎஃப் ஆகக் குழுக்களில் சுற்றுகின்றன. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் அதையே ஆங்கில எழுத்தில் என்று இரண்டு பத்தியாக இருப்பவை பல. புத்தகத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃபில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் மடங்காது, பக்கம்தான் திரையை விட்டு வெளியே போகும். ஃபோனில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டும். தேவாரத்தின் அடுத்த அடி வருவதற்குள் பாடுகிறவர் பின்தங்கிவிடுவார். 11 அங்குலத்தில் முழுப் பக்கமும் நிற்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்தியும் சேர்ந்து பாடலாம். தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளை விரலால் எழுதிப் பழகவும் ஃபோன் போதாது. 'ஞ' போடுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் டேப்லெட்தான், தயக்கமே வேண்டாம். பேனாவால் எழுதவைக்க நினைத்தால், அந்த மாடல் பேனாவை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். ரப்பர் முனைப் பேனாவும் விரலும் ஒன்றுதான்.

திருட்டைப் பற்றி யோசிக்காமல் இங்கே எதையும் வாங்க முடியாது. டாக்ஸியில் டேப்லெட்டை வெளியே எடுக்க வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பலருக்குத் தெரியாதது வேறு. சிம் போடும் கருவி எதுவானாலும் அதற்கு ஐஎம்இஐ எண் உண்டு, நெட்வொர்க் அந்தக் கருவியை அடையாளம் காணும் தனி எண் அது. திருடு போனால் போலீஸில் புகார் கொடுத்து, நெட்வொர்க் நிறுவனத்திடம் சொல்லி முடக்கலாம். வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டுக்கு அந்த எண்ணே இல்லை. சீரியல் எண்ணை எழுதி வைப்பது, திரைப் பூட்டு போடுவது, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் தேடும் வசதியை இயக்கி வைப்பது, இவைதான் உங்கள் கையில் உள்ளவை.

கடைசியாக, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளில் குறை இருந்தால் 6 மாதத்துக்குள் பழுது நீக்கவோ, மாற்றவோ, பணம் திரும்பப் பெறவோ உரிமை உண்டு. அளவு பெரிதாகப் போய்விட்டது என்பது குறை ஆகாது, கடை தானாக ஒத்துக்கொண்டால்தான் உண்டு. ஆன்லைனில் வாங்கினால் கதை வேறு: பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆகவே அளவில் சந்தேகம் இருந்தால் கடையில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆன்லைனில் வாங்குங்கள்.