பட்டாளத்துல இருந்து வந்தவருக்கு பிடிஎஸ்டியா? டாக்டர்கிட்ட சின்ன வயசுக் கதையையும் சொல்லுங்க

பிடிஎஸ்டி (PTSD)ங்கிறது பயங்கரமான சம்பவத்துக்கு அப்புறம் மனசுல தங்கிப்போற பாதிப்பு. அதப் பத்தி பேசுனாலே எல்லாரும் குண்டு, சண்டைன்னு அங்கயே நின்னுடறாங்க. ஒரே சண்டைய பாத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் நல்லா தூங்குறார், இன்னொருத்தர் வருஷக்கணக்கா தூக்கமில்லாம கெடக்குறார், இதுக்கு பல காரணம் இருக்கு, அதுல ஒண்ணு சின்ன வயசுல பட்டது. வியட்நாம் போருக்குப் போய் வந்தவங்கள வச்சு 1993ல வந்த ஒரு ஆய்வுல, பிடிஎஸ்டி இருந்தவங்கள்ல 26 சதவீதம் பேர் சின்ன வயசுல அடி உதை பட்டவங்க, இல்லாதவங்கள்ல 7 சதவீதம்தான். அதுக்காக அடி வாங்குன எல்லாருக்கும் இது வரும்னு அர்த்தமில்ல.

சரி, எப்படி சொல்றது? ஒரு பேப்பர்ல வயசு வாரியா ஒவ்வொரு வரி எழுதுங்க. "7 வயசு, அப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிப்பாரு, நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவேன்", இவ்ளோ போதும், விவரமா எழுதாதீங்க, ராத்திரி தனியா உக்காந்தும் எழுதாதீங்க. நடுவுல நெஞ்சு படபடன்னு வந்தா பேனாவ வச்சிட்டு, பாதத்த தரையில நல்லா அழுத்தி, கண்ணுக்குத் தெரியிற அஞ்சு பொருளோட பேர சத்தமா சொல்லுங்க. பட்டாளத்துல இருந்தவங்களுக்கு சண்டையப் பத்தி பேசக்கூட வாய் வரும், அப்பா அடிச்சத சொல்லத்தான் வராது, அதனால வாயால சொல்ல வேணாம், பேப்பர அப்படியே டாக்டர் கையில குடுத்துடுங்க.

கெட்ட கனவு, திடுக்குன்னு தூக்கிப்போடறது, ஆளுங்கள ஒதுக்குறது இதெல்லாம் ஒரு மாசத்துக்கு மேல இருந்தா தள்ளிப்போடாம போங்க. போனா "என்ன தெரபி குடுப்பீங்க"ன்னு நேரா கேளுங்க. சிபிடின்னா (CPT, நடந்தத பத்தி மனசுல ஊறிப்போன எண்ணங்கள அலசி மாத்துற பேச்சு சிகிச்சை) சுமார் 12 செஷன், எக்ஸ்போஷர் தெரபின்னா (பயந்து ஒதுக்குற நினைவுகள பாதுகாப்பா கொஞ்சங்கொஞ்சமா எதிர்கொள்ள வைக்கிறது) 8ல இருந்து 15, இஎம்டிஆரும் (EMDR, கண்ண இடம் வலமா அசைச்சுக்கிட்டே அந்த நினைவ மனசுல கொண்டு வர சிகிச்சை) இருக்கு, சின்ன வயசுல பட்டவங்களுக்கும் இதெல்லாம் வேலை செய்யுது. செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வுக்கு குடுக்குற மாத்திரையும் உதவும். பதட்டத்துக்கு குடுக்குற அல்பிரசோலம் வகை மாத்திரை இதுக்கு நல்லதில்லன்னுதான் சிகிச்சை வழிகாட்டிகள் சொல்லுது, ஆனா ஏற்கனவே சாப்பிடறவங்க டக்குனு நிறுத்திடாதீங்க, அது ஆபத்து, டாக்டர் சொல்றபடி கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும்.

வீட்டுல இருக்கவங்களுக்கு: அவர் கனவுல கத்துனா தொட்டு உலுக்காதீங்க, கை ஓங்கிடுவார், தள்ளி நின்னு பேர் சொல்லி கூப்பிடுங்க. "சின்ன வயசுல என்னதான் ஆச்சு"ன்னு தோண்டாதீங்க. சாவப் பத்தி பேச ஆரம்பிச்சா மட்டும் யோசிக்கவே வேணாம், தனியா விடாதீங்க, வீட்டுல துப்பாக்கி இருந்தா வெளிய அனுப்பிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.