கருவிலேயே ஓபியாய்டுக்குப் பழகிய குழந்தையைப் பராமரித்தல்

ஹெராயின், மார்பின் போன்ற அபின் வகை மருந்துகளே ஓபியாய்டுகள். கர்ப்பிணி ஹெராயினையோ, அந்தப் பழக்கத்துக்கான சிகிச்சையாகத் தரப்படும் ஓபியாய்டுகளான மெத்தடோன், பியூப்ரெனார்பின் போன்றவற்றையோ தொடர்ந்து உட்கொண்டிருந்தால், தொப்புள்கொடி துண்டிக்கப்பட்டதும் அந்த மருந்து குழந்தைக்குக் கிடைப்பது நின்றுவிடுகிறது. ஹெராயின் எனில் பெரும்பாலும் முதல் நாளிலும், மெத்தடோன் எனில் இரண்டு மூன்று நாள்களிலும், கீச்சென்ற அழுகை, கைகால் நடுக்கம், அடுத்தடுத்த தும்மல், பேதி, பால் குடிக்கத் திணறுதல் ஆகியவை தொடங்குகின்றன. ஆகவே பிறந்த அன்று குழந்தை அமைதியாக இருப்பதைக் கண்டு வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பியூப்ரெனார்பினுக்கு 4 முதல் 7 நாள்களும், மெத்தடோனுக்கு 5 முதல் 7 நாள்களும் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்கிறது.

அமெரிக்க மருத்துவமனைகளில் 1970களிலிருந்து ஒவ்வோர் அறிகுறிக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை உயர்ந்தால் மார்பின் கொடுப்பதே வழக்கமாக இருந்தது. யேல் நியூ ஹேவன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான முறையோ மூன்றை மட்டுமே கேட்கிறது: குழந்தை போதிய பால் குடிக்கிறதா, இடையூறின்றி ஒரு மணி நேரமாவது உறங்குகிறதா, அழுதால் பத்து நிமிடங்களுக்குள் தேறுகிறதா? இவற்றில் ஒன்று தவறினாலும், மருந்தை நாடுவதற்கு முன் பராமரிப்பைக் கூட்டிப் பார்க்க வேண்டும். விளக்கைத் தணித்து, பேச்சொலியைக் குறைத்து, தாயின் வெற்று மார்பில் குழந்தையைச் சாய்த்து, பசிக்கும்போதெல்லாம் சிறிது சிறிதாகப் பாலூட்டுவதே அந்தப் பராமரிப்பு. 26 அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மருந்து தேவைப்பட்ட குழந்தைகள், வழக்கமான பராமரிப்பில் இருந்த 52 விழுக்காட்டிலிருந்து இந்த முறையில் 19.5 விழுக்காடாகக் குறைந்தனர். தாயைக் குற்றவாளிபோல் வெளியே நிறுத்தும் மருத்துவமனை, குழந்தைக்கான முதல் சிகிச்சையையே மறுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மெத்தடோன் அல்லது பியூப்ரெனார்பின் சிகிச்சையில் நிலைபெற்று, வேறு போதைப்பொருள் எதையும் எடுக்காத தாய், வேறு மருத்துவத் தடை இல்லையெனில், தாய்ப்பால் கொடுக்கலாம்; கொடுப்பது நல்லதும்கூட. பாலூட்டுவதற்காக அவர் தம் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பேதியால் புண்ணாகும் தோலுக்குத் துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடவலாம்.

வீடு திரும்பிய பிறகும் எரிச்சலும் உறக்கக் குறைவும் சில மாதங்கள் நீடிக்கலாம். வலிப்பு, காய்ச்சல், பால் மறுப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அழுகை ஓயாமல் பொறுமை எல்லை கடந்தால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாந்து படுக்க வைத்துவிட்டுச் சற்று விலகி நின்று வேறொருவரை உதவிக்கு அழையுங்கள், எந்நிலையிலும் உலுக்காதீர்கள்.