டிசைனரிடம் முன்பணம் கொடுக்கும் முன்

இன்டீரியர் டிசைனர் காட்டும் 3டி படத்தில் மயங்காமல் கொட்டேஷனைப் படியுங்கள். வெறும் ‘பிளைவுட் வேலை’ என்றிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சமையலறைக்கு ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டின் தர எண்), 18 மி.மீ. கனம் என்று எழுதி வாங்குங்கள். சிங்க்குக்குக் கீழே லேசான ஈரப்பதம் மட்டுமே தாங்கும் சாதா எம்.ஆர். பலகை போட்டால் ஈரத்தில் உப்பி, கீல் திருகு பிடிக்காமல் கதவு தொங்கும். பலகை வந்து இறங்கும்போதே முத்திரையைப் பாருங்கள். லேமினேட் ஒட்டியபின் எந்தப் பலகையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அலமாரிக்கு முகப்பை அளந்து சதுர அடிக் கணக்கில் விலை போட்டிருந்தால், 7 அடி உயரம், 6 அடி அகல அலமாரி 42 சதுர அடி. அதன்மேல் வரும் பரண் தனிக்கணக்கா? கேட்டுவிடுங்கள்.

சுவரில் ஓதமிருந்தால் முதலில் கசிவை அடைக்க வேண்டும். ஈரத்தின்மேல் பட்டி பார்த்தால் பெயின்ட்டோடு உரிந்து வரும். கட்டில் எங்கே என்று தரையில் சாக்பீஸால் வரைந்த பிறகே சுவிட்சுக்குச் சுவரை வெட்டட்டும். இல்லையென்றால் பிளக் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் போய்விடும். கடைசித் தவணையை இழுப்பறை எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.