மிளகாய்ப் பழ அழுகல்: விதையெடுப்பு முதல் களம் வரை

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் மிளகாய் பயிரிடுவோர் பலர், விற்றது போக மிஞ்சிய வத்தலிலிருந்தே அடுத்த பருவத்துக்கு விதை எடுக்கிறார்கள். இப்பழக்கத்தை முதலில் விட வேண்டும் என்பேன். கொலிட்டோட்ரைக்கம் என்னும் பூஞ்சையால் வரும் பழ அழுகல், பழைய பயிர்க் கழிவில் தங்கிப் பரவுவதோடு விதையிலும் ஒட்டிக்கொண்டு வயலுக்கு வந்துவிடுகிறது.

பழுத்த பழத்தின் தோலில் சற்றே குழிந்த புள்ளி தோன்றி, நடுவில் வைக்கோல் நிறமாக வெளிறி, அதன்மேல் ஊசிமுனை அளவுக் கரும்புள்ளிகள் வளையம் வளையமாக அமைந்திருந்தால் அது இந்நோயே. அப்பழத்தைப் பிளந்து பார்த்தால், உள்ளே பூஞ்சை படர்ந்து விதைகள் துருநிறம் ஏறியிருப்பதைக் காணலாம். ஆகவே செடியில் இருக்கும்போதே நோயற்ற செடிகளை அடையாளமிட்டு, அவற்றின் முழுதாகப் பழுத்த, புள்ளியற்ற பழங்களை மட்டும் விதைக்கெனத் தனியே பறித்து உலர்த்துங்கள்.

விதைப்பதற்கு முன் 100 விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து முளைப்பைப் பாருங்கள். தரச்சான்று பெற்ற விதைக்கே குறைந்தது 60 விழுக்காடு முளைப்பு வேண்டும் என்பதால், அதற்குக் கீழிருந்தால் அவ்விதையை ஒதுக்கிவிடலாம். பின்னர் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நோய் தடுக்கும் உயிர்ப்பூஞ்சையைக் கலந்து விதைக்கவும். அந்த உயிர்ப்பூஞ்சையோடு இரசாயன மருந்தைச் சேர்க்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழையின் சாரலும் மார்கழிப் பனியும் நோயைப் பரப்புவதால், புள்ளி விழுந்த பழங்களையும் காய்ந்த நுனிக் கிளைகளையும் அகற்றி எரித்தபின், லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் என்னும் பூஞ்சைக்கொல்லி கலந்து தெளிக்கலாம். கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் மருந்துப் பொட்டலத்தின் மேலுள்ள சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

பறித்த பழம் நிறம் ஏறுவதற்காக நிழலில் குவித்து வைப்பது வழக்கம். மழையில் நனைந்த பழத்தையோ புள்ளிப் பழத்தையோ அக்குவியலில் சேர்த்தால் அழுகல் நல்ல பழத்துக்கும் தாவும். வளவிலோ சிமெண்டுக் களத்திலோ மெல்லப் பரப்பி, பொழுது சாய்ந்ததும் பனி படாமல் கூட்டித் தார்ப்பாயால் மூடுங்கள். ஈரப்பதம் 10 விழுக்காட்டை ஒட்டி வந்த வத்தலைக் குலுக்கினால் விதை கலகலவென ஒலிக்கும்.

அரைவைக்கு அனுப்புமுன் வெளிறியதையும் பூசணம் பிடித்ததையும் கையால் பொறுக்கி எடுப்பது கட்டாயம். ஈரத்தோடு கட்டிய வத்தலில் வளரும் வேறொரு பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு, வறுத்தாலும் முழுதாக அழியாது.