அழிய மறுக்கும் ஃபைல்: அவசரத்தில் செய்யக்கூடாதவை

டெலீட் அழுத்தினால் போகமாட்டேன் என்கிறது ஃபைல். திரும்ப அழுத்தினால் 'அழிக்க முடியாது' என்கிற அதே செய்திப் பெட்டி. மூன்றாவது தடவை கை தானாக ஷிஃப்ட்+டெலீட்டுக்குப் போகும். அது பலமான டெலீட் இல்லை; ரீசைக்கிள் பின்னுக்குள் போடாமல் நேரே அழிக்கும், அவ்வளவுதான். பூட்டிய ஃபைல் அதற்கும் அசையாது. கூடவே தெரியாமல் செலக்ட் ஆகியிருந்த வேறொரு ஃபைல் போய்விட்டால், ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் கிடைக்காது.

அந்தப் பெட்டியைப் படிக்காமல் மூடுவதுதான் எல்லாத் தவறுக்கும் தொடக்கம். வேறு புரோகிராமில் திறந்திருக்கிறது, அனுமதி இல்லை, பெயர் நீளம் என்று விண்டோஸ் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

அதிகம் வருவது முதல் காரணம். விண்டோஸில் ஒரு புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போதே, 'நான் முடிக்கும்வரை யாரும் இதை அழிக்கக் கூடாது' என்று பிடித்துக்கொள்ள முடியும். லினக்ஸில் அப்படியில்லை. பெயர் உடனே நீங்கிவிடும். திறந்து வைத்திருக்கும் புரோகிராம் மூடியபின் உள்ளடக்கமும் போகும். விண்டோஸில் பிடித்திருப்பது யார் என்று பல நேரம் கண்ணுக்கே தெரியாது. ஃபைலைத் திறக்காமலே உள்ளிருப்பதைக் காட்டும் எக்ஸ்ப்ளோரரின் பிரிவ்யூ பகுதி, ஆன்டிவைரஸ், கிளவுடுக்கு ஏற்றும் புரோகிராம், ஜன்னலை மூடியும் பின்னணியில் ஓடுகிற ஏதோ ஒன்று என யாராகவும் இருக்கலாம்.

தெரியவில்லை என்பதற்காக டாஸ்க் மேனேஜரைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் முடித்துவிடாதீர்கள். என் அக்கா ஒரு பிடிஎஃப் அழியவில்லை என்று அப்படிச் செய்தாள். சேவ் செய்யாமல் வேர்டில் வைத்திருந்த ஆய்வேட்டுப் பக்கங்கள் போய்விட்டன. பிடிஎஃபைப் பிடித்திருந்தது பிரிவ்யூ பகுதிதான். அதை மூடியதும் அழிந்துவிட்டது.

ஸ்டார்ட்டில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, சிபியு பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' தேடல் கட்டத்தில் ஃபைலின் பெயரைக் கொடுங்கள். பிடித்திருக்கும் புரோகிராம் பெரும்பாலும் அங்கே தெரியும். அதை மட்டும் முறையாக மூடினால் போதும்.

ஒன்றும் தெரியவில்லையா? ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்வது அதற்கு ஈடாகாது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுனில் நம் புரோகிராம்கள் மூடினாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும் கருவிகளை இயக்கும் டிரைவர்களும் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

இதற்கிடையில் 'எந்த ஃபைலையும் அழிக்கும்' இலவச டூல் ஒன்றை இறக்கிப் போட்டுவிடாதீர்கள். தேவையில்லாத விளம்பர மென்பொருளையும் சேர்த்து ஒட்டவைப்பவை அவற்றில் உண்டு. டூல் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற டூல் தொகுப்பில், ஃபைலைப் பிடித்திருப்பது யார் என்று காட்டும் ஃபைல் லாக்ஸ்மித் இருக்கிறது, இலவசம்தான்.

அனுமதி இல்லை என்று வந்தால் நிதானம் வேண்டும். உரிமையாளர் பெயர் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்றிருந்தால் அது பெரும்பாலும் விண்டோஸின் சொந்த ஃபைல். உரிமையை நம் பெயருக்கு மாற்றி அழித்தால் அடுத்த அப்டேட் நிற்கலாம், கம்ப்யூட்டரே எழாமலும் போகலாம். குறிப்பாக விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) ஃபோல்டரின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதிலுள்ள பல ஃபைல்கள் சிஸ்டத்தின் வேறு இடங்களிலும் தெரிகிற அதே ஃபைல்கள். எக்ஸ்ப்ளோரர் இரண்டு இடத்திலும் எண்ணுகிறது. இடம் வேண்டுமானால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதி வழியாகவே தற்காலிக ஃபைல்களை நீக்குங்கள்.

பெயர் நீளம் என்றால் எளிது. டிரைவ் எழுத்தில் தொடங்கி ஃபைல் பெயர் வரை மொத்தப் பாதைக்கும் சுமார் 260 குறியீடுகள்தான் பழைய எல்லை. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது சீக்கிரம் தீரும்: 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, விண்டோஸ் எண்ணுவது ஐந்து. மேலேயுள்ள ஃபோல்டர்களுக்கு 'அ', 'ஆ' என்று சின்னப் பெயர் வைத்துவிட்டு அழியுங்கள்.

இது எதுவுமே பொருந்தாமல், பென் டிரைவில் பெயரே குழம்பித் தெரிகிறதென்றால் டிரைவில் பிழை இருக்கலாம். டிரைவைச் சோதித்துப் பழுது பார்க்கும் விண்டோஸின் எரர் செக்கிங்கை உடனே ஓட்டாதீர்கள். பழுது பார்க்கும்போது சில ஃபைல்கள் உருக்குலையலாம். திறக்க முடிகிறவற்றையெல்லாம் முதலில் வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள். அப்புறம் எரர் செக்கிங்.