பிள்ளைக்குச் சோறு தீத்தும்போது விடுகிற பிழைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நான் தொடங்கி 12 வருடம் ஆகிறது. வேலைக்குத் திரும்பிய அம்மாமார் காலை ஏழரைக்குப் பிள்ளையையும் சாப்பாட்டுப் பையையும் தந்துவிட்டு ஓடுவார்கள். ஃபிளாஸ்க் மூடியைக் கழற்றினாலே அந்த வீட்டில் என்ன பிழை நடக்கிறது என்று பாதி விளங்கிவிடும். ஏனென்றால் அதே சாப்பாட்டைத்தான் என் மூத்த மகனுக்கு நானும் மாதக்கணக்காகக் கொடுத்தேன்.

கை கழுவுங்கள், சூடு பாருங்கள், பாத்திரத்தை வெந்நீரில் போட்டு எடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் சொல்லுவார், வீட்டில் அம்மம்மா சொல்லுவார். அவர்கள் சொல்லியும் நம் காதில் ஏறாமல் போகிற சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. அதை நீளமாகவே சொல்கிறேன்.

நாலாம் மாதத்திலேயே தொடங்குவது

வேண்டாம். ஆறு மாதம் முடியட்டும். அதுவரை தாய்ப்பால் மட்டும்.

எல்லாவற்றையும் பிளெண்டரில் போட்டு அடிப்பது

போன மாதம் எட்டரை மாதப் பெண்பிள்ளை ஒன்று புதிதாக வந்தது. ஃபிளாஸ்க்கில் சோறு, பருப்பு, கரட், பூசணி, ஒரு துண்டு பாரை மீன். எல்லாம் நல்ல சாமான்தான். ஆனால் அத்தனையும் ஒன்றாக அடித்து, அரிதட்டில் வடித்து, செம்மஞ்சள் கூழாக இருந்தது. கரண்டியைச் சரித்தால் தண்ணீர் போல வழிந்தது. மத்தியானம் நான் அவித்த உருளைக்கிழங்கைக் கையால் மசித்து ஒரு வாய் வைத்தேன். பிள்ளை நாக்கால் வெளியே தள்ளி, ஓங்காளித்து, கண்கலங்க அழுதது. பின்னேரம் அம்மாவிடம் சொன்னபோது, "அன்ரி, கட்டி இருந்தா அவவுக்கு ஓங்காளிக்கும். பிளீஸ், அடிச்சே குடுங்கோ" என்றார்.

என் மகனுக்காக என் மாமியிடம் நான் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். மாமி விரலால் மசித்துக் கொண்டுவருவார். நான் வாங்கி மறுபடி பிளெண்டரில் போடுவேன். 14 மாதம் வரை அப்படியே போனது. பிறகு சோற்றுப் பருக்கையைக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருப்பான். மூன்று வயதிலும் இடியப்பத்தைப் பாலில் கரைத்துக் கொடுத்தால்தான் உள்ளே போகும். ஒவ்வொரு வேளையும் ஒரு மணித்தியாலம், ஒவ்வொரு வேளையும் கண்ணீர். அவனுக்குப் பல்லிலோ தொண்டையிலோ ஒரு குறையும் இல்லை. மெல்லப் பழகவேண்டிய மாதங்களில் அவனுக்கு மெல்லுவதற்கு எதுவும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பால் குடிக்கும்போது நாக்கு முன்னும் பின்னும் போகும். மெல்லும்போது அது சாப்பாட்டைப் பக்கவாட்டில் தள்ளி முரசுக்கு, அதாவது பல் ஈறுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வேலை வாயில் கட்டி இருந்தால்தான் படியும். ஆறு மாதத்திலிருந்து ஒன்பது, பத்து மாதம் வரை பிள்ளை அதை லேசாகப் பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் 1990களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பத்து மாதத்துக்குப் பிறகு கட்டிச் சாப்பாட்டைத் தொடங்கிய பிள்ளைகள் 15 மாதத்தில் சாப்பாட்டுக்கு அதிகம் அடம்பிடித்தார்கள். ஒன்பது மாதம் தாண்டித் தொடங்கியவர்கள் ஏழு வயதிலும் மரக்கறியும் பழமும் குறைவாகவே சாப்பிட்டார்கள். இதை வாசித்தபோது என் மகனுக்கு ஏழு வயது. நேராக அவன் சாப்பாட்டுத் தட்டைத்தான் நினைத்தேன்.

நட்டம் மெல்லுவதோடு நிற்கவில்லை. பிளெண்டர் சுற்றவேண்டும் என்றால் தண்ணீர் விடவேண்டும். ஆறு மாதப் பிள்ளையின் வயிறு ஒரு தடவைக்குக் கொள்ளுவது நிறை ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 30 மில்லிலீட்டர். ஏழு கிலோப் பிள்ளைக்கு 200 மில்லிலீட்டர் போலத்தான் வரும். அந்த இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் பிள்ளை "ஒரு கோப்பை முழுக்கச் சாப்பிட்டது" என்று நாம் சந்தோஷப்படுவோம், கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு மட்டும் படுத்துவிடும். சாப்பாடு கரண்டியைச் சரித்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். வழிந்தால் தண்ணீர் கூடிப்போய்விட்டது.

அப்புறம் ருசி. கரட், பருப்பு, பூசணி, மீன் எல்லாம் ஒன்றானால் அதில் எந்த ருசியும் தனியாக இல்லை. ஆறு மாதமாகக் கரட் சாப்பிட்ட பிள்ளைக்குக் கரட் என்றால் என்னவென்றே தெரியாது. தட்டில் ஒரு துண்டைக் கண்டதும் அது அந்நியச் சாமான். இத்தனைக்கும் பிள்ளை ஒன்றும் தெரியாமல் நம்மிடம் வரவில்லை. அம்மா சாப்பிடுவதன் வாசம் பனிக்குடத்து நீரிலும் தாய்ப்பாலிலும் இறங்குகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கர்ப்ப காலத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ அம்மா கரட் சாறு குடித்திருந்தால், பிள்ளை கரட் கலந்த தானியக்கூழை அதிகம் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கண்டார்கள். அப்படிப் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கு உள்ளி ரசமும் சீரகமும் கறிவேப்பிலையும் முதலே அறிமுகமாகித்தான் இருக்கும். அந்த அறிமுகத்தைக் கூழுக்குள் புதைத்துவிடுகிறோம்.

சரி, எப்படிச் செய்வது? முதல் வாரம் குழைய அவித்த சோற்றை விரலாலோ முள்ளுக்கரண்டியாலோ மசித்து, தாய்ப்பாலோ பருப்புத் தண்ணீரோ ஒரு சொட்டு விட்டு, கெட்டியாக இரண்டு மூன்று மேசைக்கரண்டி. அடுத்த வாரங்களில் மசிப்பதைக் குறைத்துக்கொண்டே போங்கள். கரட்டை ஒரு மூலையில், பருப்பை ஒரு மூலையில் வைத்துத் தனித்தனியாகத் தீத்துங்கள். எட்டு மாதமளவில் பிள்ளையின் கையிலேயே கொடுக்கலாம்: நன்றாக அவித்த கரட் குச்சி, போஞ்சி, பழுத்த பப்பாசி. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கினால் நசியவேண்டும். பல்லில்லாத முரசு அந்த அளவுக்குத் தாராளமாக நசிக்கும். ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு, உறைப்புக் குறைத்து.

அம்மாமார் பிளெண்டரை விடாமல் பிடித்துக்கொள்வது ஓங்காளத்துக்குப் பயந்துதான். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். ஓங்காளிக்கும் பிள்ளை சத்தம் போடும், முகம் சிவக்கும், நாக்கை நீட்டிச் சாப்பாட்டை முன்னே தள்ளும். கைக்குழந்தைக்கு அந்த உணர்ச்சி நம்மைவிட நாக்கின் முன்பக்கமாகவே இருப்பதால் சின்னக் கட்டிக்கும் வரும். அது பிள்ளையைக் காப்பாற்றுகிற வேலை. விரலை வாய்க்குள் விடாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். புரையேறி மூச்சு அடைத்தால் சத்தமே வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாயும். அப்போது பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஐந்து அமுக்கு. வெளியே வரும்வரை மாறி மாறி. பக்கத்தில் நிற்பவர் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். இதை ஒரு பொம்மையை வைத்து ஒரு தடவை செய்து பழகினால் பிளெண்டரைக் கீழே வைக்கத் துணிவு வரும். என்னிடம் வரும் அம்மாமார் எல்லாருக்கும் நான் முதல் நாளே செய்து காட்டுவேன்.

அந்தப் பெண்பிள்ளைக்கு மூன்று வாரம் எடுத்தது. முதலில் கூழில் ஒரு கரண்டி மசித்த சோறு, பிறகு பாதிக்குப் பாதி. நாலாம் வாரம் ஒரு நாள் அவித்த போஞ்சித் துண்டை இரண்டு விரலால் நுள்ளி எடுத்து, தானே வாயில் வைத்து, நாடியை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி மென்றது. அதை வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஒஃபிஸில் இருந்து அழுதுகொண்டே கோல் எடுத்தார்.

ஒரு தடவை துப்பியதும் "பிடிக்காது" என்று முடிவெடுப்பது

முகம் சுளிப்பது புது ருசிக்குப் பிள்ளை காட்டும் முதல் மரியாதை. எட்டுப் பத்துத் தடவை, சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும், வெவ்வேறு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கவேண்டும். என் இரண்டாவது மகளுக்கு முருங்கையிலை கொடுத்த ஒவ்வொரு நாளையும் கலண்டரில் குறித்து வைத்தேன். ஒன்பதாவது தடவைதான் வாயைத் திறந்தாள். இரண்டாவது தடவையோடு விட்டிருந்தால் "எங்கட பிள்ளை கீரை தின்னாது" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

வெறும் சோற்றுக்கஞ்சியிலேயே நிற்பது

பிறக்கும்போது பிள்ளை கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதமளவில் குறைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு, வெள்ளைச் சோற்றிலும் குறைவு. ஆகவே தொடங்கி ஓரிரு வாரத்துக்குள் பருப்பு, முட்டை, மீன், வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கோழி ஈரல் தட்டுக்கு வரவேண்டும். சைவ வீடுகளில் பருப்பும் பயறும் கீரையும். அவற்றோடு தேசிக்காய் ஒரு சொட்டோ பப்பாசித் துண்டோ சேர்த்தால் அந்த இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

மேரி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கும் அப்பப்பாமார் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் தேயிலை இரும்பைச் சேரவிடாமல் தடுக்கிறது, பிஸ்கட்டில் இருப்பது மாவும் சீனியும். என் அப்பாவிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை பிஸ்கட் டின்னை எடுத்துவிட்டு, மசித்த வாழைப்பழமும் கரண்டியும் அவர் கையில் கொடுத்தேன். பேரனுக்குத் தீத்தக் கிடைத்ததே அவருக்குப் போதும்.

முட்டையையும் கச்சானையும் ஒரு வயதுக்குத் தள்ளிப்போடுவது

ஒரு காலத்தில் டொக்டர்மாரே அப்படித்தான் சொன்னார்கள். 2015இல் லண்டனில் முடிந்த ஓர் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. கடுமையான எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோயோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கச்சானை, அதாவது நிலக்கடலையைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, சாப்பிட்ட பிள்ளைகளிடம் கடலை ஒவ்வாமை ஐந்தில் நாலு பங்கு குறைவு. ஆகவே முட்டையை நன்றாக அவித்து, கச்சானைப் பட்டுப்போல அரைத்து சோற்றில் கலந்து, ஒரு நாளைக்கு ஒன்று என்று காலையில் துளியளவு கொடுத்துப் பாருங்கள். பிள்ளைக்குக் கடும் எக்ஸிமா இருந்தால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

தேன்

ஒரு வயது வரை இல்லை. நாக்கில் தொட்டு வைப்பதும் இல்லை. அதில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துக்களைக் கைக்குழந்தையின் குடலால் எதிர்க்க முடியாது.

உப்பும் சீனியும்

அவை போடாவிட்டால் நம் நாக்குக்குத்தான் சப்பென்று இருக்கும். பிள்ளைக்கு இல்லை.

போனைக் காட்டித் தீத்துவது

பிள்ளை தலையைத் திருப்பினால் போதும் என்று சொல்கிறது. போன் ஓடும்போது அது தலையைத் திருப்பாது, நாமும் வயிறு நிறைந்ததைக் காணமாட்டோம். என் மகனுக்கு டீவியைப் போட்டுத் தீத்தியே அவன் பசியை அவனுக்கே தெரியாமல் ஆக்கிவிட்டேன். அதைத் திருத்த எனக்கு ஒரு வருடம் போனது. என்னிடம் வரும் பிள்ளைகள் பாயில் வட்டமாக இருந்து, ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். பக்கத்துப் பிள்ளை மெல்லுவதைப் பார்த்துத் தானும் வாயை அசைக்கும் பிள்ளைகளை எத்தனையோ கண்டிருக்கிறேன்.

றம்புட்டான் விதை

ஜூன், ஜூலையில் காலி வீதி ஓரமெல்லாம் மல்வானை றம்புட்டான் குவியும். வழுவழுப்பான அந்த விதையும் சதையும் சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழலுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். றம்புட்டான், முழுத் திராட்சை, முழுக் கச்சான், முறுக்குத் துண்டு எதுவும் ஐந்து வயது வரை அப்படியே கைக்குப் போகக்கூடாது. பெரியவர்கள் சாப்பிடும்போதும் கவனம், தவழும் பிள்ளை தரையில் கிடப்பதைத்தான் முதலில் எடுக்கும். எங்கள் வீட்டில் பத்துப் பழம் வெட்டினால் பத்து விதையையும் எண்ணிப் போட்ட பிறகுதான் குப்பைவாளியை மூடுவோம்.